முன் டிஃபரன்ஷியல் ஷாஃப்ட் ஆடினால் கிரவுன் போய்விட்டது என்று அர்த்தமா?

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வைத்திருக்கிறேன். முன் டிஃபரன்ஷியலுக்குப் போகும் ஷாஃப்டைக் கையால் பிடித்து ஆட்டினால் நன்றாகவே ஆடுகிறது. கிரவுன் பினியனை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். எப்படி உறுதி செய்வது?

பதில்:

ஹவுசிங்கை, அதாவது டிஃபரன்ஷியலின் கூட்டைப் பிரிக்க விடாதீர்கள். ஷாஃப்ட் சுற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன், அது சுற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன்; இரண்டும் அதற்குள்தான் இருக்கின்றன. முதலில் ஆட்டம் எந்த வாக்கில் இருக்கிறது என்று பாருங்கள். எவ்வளவு ஆடுகிறது என்பதெல்லாம் அப்புறம்.

சத்தியமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். கடம்பூர் மலையில் ஓடுகிற வண்டிகள் இதே புகாரோடு வரும். பெரும்பாலும் கிராஸோ (ஷாஃப்ட் முனையில் இருக்கும் யுனிவர்சல் ஜாயிண்ட்) பினியன் பேரிங்கோதான் போயிருக்கும், கிரவுன் பல் நன்றாகவே இருக்கும். தேவையில்லாமல் கிரவுன் செட்டுக்குப் பணம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

வண்டியைப் பிட்டில் ஏற்றி, நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். முன் சக்கரங்கள் தரையில்தான் இருக்க வேண்டும். ஃபோர் வீல் லீவர் டூ வீலில் இருக்கட்டும். முன் சக்கரத்தின் நடுவில், ஹப்பில் லாக் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

இப்போது ஷாஃப்டை விட்டுவிட்டு, அது டிஃபரன்ஷியலோடு சேரும் இணைப்புத் தட்டை, அதாவது ஃபிளாஞ்சைப் பிடியுங்கள். மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள், உள்ளே வெளியே இழுத்துப் பாருங்கள். பினியனை இரண்டு டேப்பர் பேரிங்குகள் இறுக்கிப் பிடித்திருக்கும். அதனால் இந்த இரண்டு வாக்கிலும் கைக்குத் தெரிகிற ஆட்டம் துளிகூட இருக்கக் கூடாது. இருந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது, அல்லது பினியன் நட்டு தளர்ந்துவிட்டது. சீல் மாற்றி மாற்றியும் அங்கே ஆயில் கசிந்தால் அதுவும் இதே கதைதான்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஆட்டத்தைப் பார்த்ததும் பெரிய ஸ்பேனரைப் போட்டு நட்டை இறுக்கிவிடுவார்கள். பல ஆக்சில்களில் இரண்டு பேரிங்குக்கும் நடுவே நசுங்கும் ஸ்லீவ் ஒன்று உண்டு. இறுக்க இறுக்க அது இன்னும் நசுங்கும், பேரிங் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். பிரித்து, புது ஸ்லீவ் போட்டு, டார்க் (இறுக்கும் முறுக்கின் அளவு) பார்த்து இறுக்குவதுதான் வேலை.

ஃபிளாஞ்ச் அசையாமல் ஷாஃப்ட் மட்டும் ஆடினால் குற்றவாளி கிராஸ். ஒரு கையால் ஃபிளாஞ்சையும் மறு கையால் ஷாஃப்டையும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள், 'டக்' என்று தெரியும். கிராஸ் கப்பின் ஓரத்தைத் துடைக்காமல் டார்ச் அடித்துப் பாருங்கள். செம்மண் மாதிரி துருத்தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் அரைபட்டுவிட்டது. ஷாஃப்டின் ஸ்பிளைன் (ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் வரிப்பல் இணைப்பு) முன்னும் பின்னும் நகர்வது அதன் வேலை, பயப்பட வேண்டாம். அது பக்கவாட்டில் ஆடினால்தான் தேய்மானம்.

சுற்றுவாக்கில் கொஞ்சம் ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். அது சுத்தமாக இல்லையென்றால் பல்லுக்கு இடையில் ஆயில் நிற்காது. கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே விடும் இடைவெளி பொதுவாக 0.10 முதல் 0.25 மி.மீ.க்குள்தான். ஆனால் ஃபிளாஞ்சைத் திருப்பும்போது கையில் தெரிவது அது மட்டும் இல்லை. உள்ளே உள்ள சின்ன கியர்கள், ஆக்சில் ஸ்பிளைன், சக்கரத்துப் பக்க ஜாயிண்ட் என எல்லா ஆட்டமும் கூடித்தான் அங்கே வந்து சேரும். அதைப் பார்த்துவிட்டு கிரவுன் போச்சு என்று சொல்வது நியாயமே இல்லை. கிரவுன் பல்லில் நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் ஆயிலை இறக்கிப் பாருங்கள். டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் குழைவாக ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். விரலில் தேய்த்தால் நெருடினாலோ, செதில் செதிலாக இரும்பு வந்தாலோ பல்லோ பேரிங்கோ உடைகிறது. ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. மாக்கம்பாளையம் போகிற வழியில் சர்க்கரைப் பள்ளம் என்ற காட்டாற்றில் இறங்கி ஏறுகிற வண்டிகளுக்கு இது சகஜம். சூடான ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கும்போது பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காலம் முடிந்ததும் அந்த ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

இன்னொன்று, காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தூரம் போவதில்லை. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் அந்த முறுக்கு முழுவதும் கிராஸ் மேலும் பல் மேலும்தான் விழும்.

எல்லாம் பார்த்த பிறகும் பல்தான் போயிருக்கிறது என்றால், கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே மாற்றுங்கள். இரண்டும் ஒன்றாக உரசிப் பொருத்திய ஜோடி, இரண்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். பேரிங்குகளையும் சீலையும் அப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள்.