சின்னக் கைவினைப் பொருட்களுக்குப் பவுடர் கோட்டிங் சரிப்படுமா?

கேள்வி: இரும்புக் கம்பியையும் தகட்டையும் வளைத்துச் சுவர்க் கொக்கி, மெழுகுவர்த்தித் தாங்கி போன்றவை செய்கிறேன். சிலவற்றில் மரக் கைப்பிடி உண்டு. பிரஷ்ஷால் அடித்தால் பெயின்ட் கோடு கோடாக நிற்கிறது. உலர்ந்த பெயின்ட் பொடியை மின்னேற்றம் செய்து அடிக்கும் பவுடர் கோட்டிங் கன் வாங்கலாமா?

பதில்: கம்பி வேலைக்கு நல்ல பொருத்தம். சாதாரண ஸ்ப்ரேயில் பெரும்பகுதி கம்பிகளுக்கு நடுவே காற்றோடு போய்விடும். மின்னேற்றம் பெற்ற பவுடரோ எர்த் செய்த பொருளால் இழுக்கப்பட்டு, பின்பக்கத்தையும் ஓரளவு சுற்றிப் பிடிக்கும்.

ஆனால் கன் வாங்கும் முன் ஓவனை யோசியுங்கள். பவுடர் உருகி இறுக, வகையைப் பொறுத்து, சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் 10 முதல் 20 நிமிடம் வேண்டும். உலோகமே அந்தச் சூட்டை எட்டிய பிறகுதான் நிமிடத்தை எண்ண ஆரம்பிக்க வேண்டும். சாதாரணப் பசை இதைத் தாங்காது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த சால்டர் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். வெல்டிங், ரிவெட் இணைப்புகளுக்குப் பயமில்லை. பவுடர் வெந்த ஓவனில் அப்புறம் எப்போதும் சமைக்கக் கூடாது.

பவுடர் ஒட்டவில்லை என்று பலர் கன்னைத் திட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் பொருளைத் தொங்கவிடும் கொக்கியில்தான் இருக்கும். பழைய பூச்சு படிந்த கொக்கி வழியாக எர்த் போகாது. தொடும் இடத்தைப் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை சுரண்டிவிட்டு, மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பொருளுக்கும் எர்த்துக்கும் இடையே மின்தடை 1 மெகாஓமைத் தாண்டக் கூடாது. துரு, எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிய பின் வெறுங்கையால் தொடாதீர்கள்.

கம்பி தகட்டைச் சந்திக்கும் உள்மூலைகள்தான் படுத்தும். மின்புலம் வெளி விளிம்புகளிலேயே குவிவதால் பவுடர் அங்கேயே போய் உட்காரும். உடனே வோல்டேஜைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் இன்னும் மோசமாகும். 80 கிலோவோல்ட்டில் அடிக்கிறீர்கள் என்றால் 40 வாக்கில் இறக்கி, காற்றழுத்தத்தையும் தணித்து, முதலில் மூலைகளை முடியுங்கள். பூச்சு 60 முதல் 80 மைக்ரான் இருந்தால் போதும். மேலும் மேலும் அடித்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகிவிடும்.

மூச்சுக்கு நல்ல ரெஸ்பிரேட்டர் கட்டாயம். காற்றில் அடர்ந்த பவுடர் ஒரு பொறியில் வெடிக்கக்கூடியது. பக்கத்தில் தீயோ ஹீட்டரோ வேண்டாம்.

மரக் கைப்பிடியைக் கழற்றிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். உலர்ந்த மரம் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, ஓவன் சூட்டில் வெடிப்பும் விடலாம். அதற்குத் தனியாக எண்ணெயோ வார்னிஷோ பூசி, இரும்பு ஆறியதும் மாட்டுங்கள். எப்போதாவது நாலைந்து உருப்படிதான் செய்கிறீர்கள் என்றால் கன்னே வேண்டாம். கோட்டிங் பட்டறையில் அவர்கள் அன்று ஓட்டும் நிறத்தோடு உங்களுடையதையும் சேர்த்து அடித்துத் தருவார்களா என்று கேளுங்கள்.