வேர் பாறையைச் சிதைக்கிறதே, செடிகளை வெட்டிவிடலாமா?

கேள்வி: எங்கள் நிலத்தில் ஒரு சரிவு. பாதியில் மரமும் புதரும், மீதி வெறும் தரை. செடி இருக்கும் பக்கம் தோண்டினால் அடியிலுள்ள பாறை கையாலேயே உதிர்கிறது. மொட்டைப் பக்கத்திலோ இரும்பாய் இருக்கிறது. சரிவைக் கெடுப்பது செடிகள்தானா? வெட்டிவிடலாமா?

பதில்: வெட்டாதீர்கள். செடி இருக்கும் இடத்தில் பாறை சீக்கிரம் சிதைவது உண்மைதான். வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசிப்பதால் மண்ணிடுக்கில் கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பத்து மடங்கு, சில இடங்களில் நூறு மடங்குகூடச் சேரும். அது நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. போதாக்குறைக்கு வேரும் அதை ஒட்டி வாழும் பூஞ்சையும் கரிம அமிலங்களைச் சுரக்கின்றன. கிரானைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை இவை தாக்கும்போது பொட்டாசியம், சோடியம், கால்சியம் எல்லாம் கரைந்து வெளியேறும், மிஞ்சுவது களிமண். ஈரத்துக்கும் இதில் பங்குண்டு. மொட்டைப் பாறையில் மழை வழிந்தோடிவிடும், மண் மூடிய பாறையோ நாள்கணக்கில் ஊறிக்கிடக்கும். உங்கள் மொட்டைப் பக்கம் கெட்டியாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: அங்கே உதிர்ந்ததெல்லாம் ஏற்கெனவே அடித்துக்கொண்டு போயிருக்கும்.

ஆனால் கிரானைட் போன்ற பாறையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். வெறும் சரிவிலிருந்து அதை ஒரே மழைக்காலம் கொண்டுபோய்விடலாம். வெட்டினால் கரைந்து போவதும் நிற்காது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1965-இல் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்களை முழுக்க வெட்டி, பிறகு களைக்கொல்லி தெளித்துத் துளிர்க்கவிடாமல் வைத்துப் பார்த்தார்கள். ஓடை நீரில் நைட்ரேட் பன்மடங்கு ஏறியது, கூடவே கால்சியமும் போனது. மண்ணில் இருந்த சத்தை உறிஞ்சிச் சருகாகத் திருப்பித் தர அங்கே செடியே இல்லை.

மரம் இருந்தாலே போதும் என்ற பேச்சையும் நான் ஏற்பதில்லை. இலையில் திரண்டு விழும் சொட்டு மழைத்துளியைவிடப் பெரிது. எட்டு, பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் மழையின் வேகத்தைக் கிட்டத்தட்ட எட்டிவிடும். அடியில் சருகும் புல்லும் இல்லாவிட்டால் திறந்தவெளியைவிட அங்கே மண் அதிகமாகத் தெறிக்கலாம். ஆகவே மரத்தடியைப் பெருக்கிச் சுத்தமாக வைக்காதீர்கள்.

வெட்டிய முதல் வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றும். வேர் அழுகச் சில ஆண்டுகள் பிடிக்கும். சரிவு தளர்வது அதற்குப் பிறகுதான்.

ஒரே விதிவிலக்கு, செங்குத்தான பாறை முகத்தின் வெடிப்பில் முளைக்கும் மரக்கன்று. தண்டு தடித்தால் வேர் பாளத்தை நெம்பிவிடும். விரல் கனம் வருவதற்குள் அகற்றிவிடுங்கள். மொட்டைப் பக்கத்தில் மரத்துக்கு முன் புல்லை வையுங்கள், சரிவுக்குக் குறுக்கே வரிசையாக. அது வேர்பிடிக்கும்வரை இடைவெளிகளைச் சருகாலோ வைக்கோலாலோ மூடிவையுங்கள்.