படத்தைப் பார்த்ததும் பாட்டு கசந்துவிட்டது

கேள்வி: ஒரு பிரிவுப் பாட்டு. படம் வருவதற்கு மூன்று மாதம் முன்பே வெளியானது. இரவு அடுப்படி வேலை முடிந்ததும் ஹெட்போனை மாட்டி அதை ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் படுப்பேன். என் அம்மா தவறிய வருடம் அது. பாட்டு எனக்கு அம்மாவின் பாட்டாகவே ஆகிவிட்டது. தியேட்டரில் பார்த்தால், முதல் சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல் வருகிற இடத்தில் ஏதோ வெளிநாட்டுப் பாலத்தில் முப்பது பேர் வரிசைகட்டி ஆடுகிறார்கள். அன்றிலிருந்து பாட்டைப் போட்டாலே அந்தப் பாலம்தான் கண்முன் வருகிறது. “சினிமாவுக்குப் போட்ட பாட்டு, அவங்க இஷ்டம், உனக்கென்ன?” என்கிறார் கணவர். என் பாட்டு எனக்குத் திரும்பக் கிடைக்குமா? இனிமேல் பாட்டுக் காட்சி பார்ப்பதையே விட்டுவிடட்டுமா?
– வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரிக்கு,

கிடைக்கும். வழி சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் கணவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடலாம். சினிமாவுக்குப் போட்ட பாட்டுதான், மறுக்க முடியாது. ஆனால் படம் வருவதற்கு மூன்று மாதம் முன்பே அதைத் தனியாக வெளியிட்டது யார்? படக்காரர்கள்தானே? ஆடியோ உரிமையைத் தனியாக விற்கிறார்கள். எஃப்எம்மில் நாள் முழுக்க ஒலிக்கவிடுகிறார்கள். லிரிக் வீடியோ போட்டு வரிகளைக் கையில் கொடுக்கிறார்கள். ‘இதை உன் வாழ்க்கையோடு சேர்த்துக்கொள்’ என்று கேட்டுக் கொடுத்த பாட்டு அது. நீங்கள் சேர்த்துக்கொண்டீர்கள். அதனால் கோபப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நம் ஊரில் பாட்டு முதலில் காதுக்குத்தான் வந்தது. இலங்கை வானொலியும் விவித பாரதியும் கொடுத்த பாட்டுகளில் பாதிக்கு மேல் படத்தையே பார்க்காமல் மனப்பாடம் செய்தவர்கள் நாம். வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் ‘ஒலியும் ஒளியும்’ பார்க்கும்போதுதான் பல பாட்டுகளின் முகமே தெரிந்தது. அப்போதும் வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சு இருந்தது: “அட, இந்தப் பாட்டையா இப்படி எடுத்து வச்சிருக்காங்க!”

ஏன் இப்படி ஆகிறது? இசையமைப்பாளரிடம் இயக்குநர் சூழலைச் சொல்கிறார்: அவள் போய்விட்டாள், இவன் தனியாக இருக்கிறான். அதைக் கேட்டு மெட்டு பிறக்கிறது, கவிஞர் எழுதுகிறார், பாடகர் அந்தத் துக்கத்தை மூச்சில் ஏற்றிப் பாடுகிறார். அப்புறம் பாட்டு படப்பிடிப்புக்குப் போகிறது. அங்கே பல நேரம் பொறுப்பு டான்ஸ் மாஸ்டரிடம். ஹீரோவின் கால்ஷீட் மூன்று நாள், வெளிநாட்டு லொகேஷன், தயாரிப்பாளருக்குச் செலவு திரையில் தெரிய வேண்டும். மாஸ்டர் பாட்டை ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ணிக்கையாகப் பிரித்துக்கொள்கிறார். அவர் வேலை அது, அவரைக் குறை சொல்ல முடியாது. வார்த்தை இல்லாத இடையிசை அவருக்குக் காலி மனை மாதிரி. ஏதாவது கட்டியாக வேண்டும். உங்கள் புல்லாங்குழலுக்கு அந்த முப்பது பேர் வந்தது இப்படித்தான். கனத்த உடுப்போடு வெயிலிலோ குளிரிலோ சொன்னதைச் செய்தவர்கள் அவர்கள். அவர்கள் மேல் கோபம் வேண்டாம்.

தப்பு எங்கே என்றால், படம் எடுத்தவர்கள் தாளத்தை மட்டும் கேட்டார்கள், பாட்டைக் கேட்கவில்லை. நீங்கள் மனதில் பார்த்தது வேறு, அவர்கள் எடுத்தது வேறு என்பது இரண்டாம் பட்சம். அந்த இடத்தில் குழல் என்ன சொல்கிறது என்று ஒருவரும் நின்று கேட்கவில்லை.

கேட்டு எடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 1980-இல் வந்த ‘ஜானி’யில் ‘காற்றில் எந்தன் கீதம்’ பாருங்கள். அதுவும் பிரிவில் காத்திருக்கும் பாட்டுதான். மழை, காற்று, ஆளில்லாத கச்சேரி. மேடையில் ஸ்ரீதேவி மட்டும் மைக் முன்னால் நின்று பாடுகிறார். ஆட்டம் கிடையாது, உடை மாற்றம் கிடையாது. ஜானகியம்மாவின் குரலில் ஒரு கூப்பிடுதல் இருக்கிறது அல்லவா, வருவானா என்று. இயக்குநர் மகேந்திரன் அந்தக் கூப்பிடுதலை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை மழையிடமே விட்டுவிட்டார். இளையராஜாவின் இடையிசை வரும்போது நம் கண்ணுக்கு வேறு வேலையே வைக்கவில்லை. அதனால் காது இன்னும் திறக்கிறது.

மோசமான ஒரு வீடியோ பாடியவரையே கவிழ்த்த கதை அமெரிக்காவில் உண்டு. அங்கே 1981-இல் பாட்டு வீடியோக்களுக்கென்றே எம்டிவி சேனல் வந்த பிறகு எந்தப் பாட்டுக்கும் வீடியோ வேண்டும் என்றாகிவிட்டது. பில்லி ஸ்கொயர் என்ற ராக் பாடகர், கிட்டாரும் முரட்டுக் குரலுமாக மைதானங்களை நிரப்பியவர், 1984-இல் ‘ராக் மீ டுநைட்’ என்ற பாட்டை வெளியிட்டார். அமெரிக்காவின் முன்னணிப் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 15-ஆம் இடம் வரை போனது, அவர் பாட்டுகளிலேயே அதிக உயரம். கென்னி ஒர்டேகா எடுத்த வீடியோவில் அவர் பளபளக்கும் விரிப்புப் போட்ட கட்டிலிலிருந்து எழுகிறார், இளஞ்சிவப்பில் கையில்லாத பனியன் போட்டுக்கொண்டு துள்ளுகிறார், தரையில் தவழ்கிறார். பாட்டில் இருந்த முறுக்குக்கும் இதற்கும் ஒட்டவே இல்லை. அதன் பிறகு கச்சேரிக்குக் கூட்டம் குறைந்தது என்று அவரே பின்னால் வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறார். பாடினவருக்கே இந்தக் கதி என்றால், கேட்ட உங்களுக்கு வலித்ததில் என்ன ஆச்சரியம்?

சரி, உங்கள் பாட்டுக்கு வருவோம். கொஞ்ச காலம் அதைப் போடாதீர்கள். இப்போது திரும்பத் திரும்பக் கேட்டால் பாலம்தான் இன்னும் ஆழமாகப் பதியும். வீடியோ வந்து நின்றால் சட்டென்று தள்ளிவிடுங்கள், ‘இவ்வளவு மோசமா’ என்று பார்க்கக்கூடப் பார்க்காதீர்கள். அப்புறம் பாட்டுக்குள் வேறு வாசல் வழியாகப் போங்கள். அதே பாடகர் மேடையில் பாடிய பதிவு இருந்தால் தேடுங்கள். மேடையில் அவர் கண்ணை மூடுவதும், மேல் ஸ்தாயிக்கு முன் மூச்சு இழுப்பதும் தெரியும். பாட்டு யாருடைய நெஞ்சிலிருந்து வந்ததோ அங்கே போய்விடுவீர்கள். புல்லாங்குழலிலோ வீணையிலோ வாசித்த பதிவும் உதவும்.

எல்லாவற்றையும்விட நல்லது, நீங்களே பாடுவது. குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சரணத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பாத்திரம் தேய்க்கும்போது வரி வரியாகப் பாடிப் பழகுங்கள். அடுத்த வரி என்ன, எங்கே மூச்சு விடுவது என்று மனம் அலையும்போது பாலத்துக்கு அங்கே இடம் இருக்காது. உங்கள் அம்மா அந்த வரிகளில் இருக்கிறார். திரையில் அவர் எப்போதும் இருந்ததில்லை.

இன்னொரு பாட்டும் சொல்கிறேன். ‘தளபதி’க்காகப் பதிவான ‘புத்தம் புது பூ பூத்ததோ’ படத்தில் இடம்பெறவே இல்லை. யேசுதாஸும் ஜானகியும் பாடியது. காட்சியே இல்லாமல் இன்றைக்கும் விரும்பிக் கேட்கப்படுகிறது. மனம் சரியில்லாத இரவுகளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டுக் காட்சி பார்ப்பதை விட வேண்டாம். விட்டால் ‘திருவிளையாடல்’ மாதிரி ஒன்றை இழப்பீர்கள். ‘பாட்டும் நானே’யில் வீணை ஒலிக்கும்போது வீணையோடு ஒரு சிவாஜி, மிருதங்கம் ஒலிக்கும்போது அதோடு ஒரு சிவாஜி, குழலுக்கு ஒருவர். பாடும் சிவாஜியின் தொண்டையைப் பாருங்கள், டி.எம்.எஸ். அங்கே உட்கார்ந்து பாடுகிறாரோ என்று தோன்றும். 1965-இல் எடுத்தது! அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு பாட்டு இன்னும் நன்றாகக் கேட்கும், வாத்தியங்கள் தனித்தனியாகப் புரியும். உங்களுக்குப் பிடித்துப்போன புதுப் பாட்டு எதுவாக இருந்தாலும் முதலில் தியேட்டரில், கதையோடு சேர்த்துப் பாருங்கள். காட்சியை மட்டும் வெட்டிப் போனில் பார்ப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

கணவரோடு வாக்குவாதம் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ‘ஜானி’யை முழுசாகப் பாருங்கள்.