வென்டிலேட்டரில் குழந்தை, மயக்க மருந்து: கேள்வி பதில்

குழந்தைகள் ஐசியூவில் மருத்துவராக இருக்கிறேன். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். டோஸ் மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

ஒரு அப்பா: டாக்டர், பொண்ணுக்கு 3 வயசு, நிமோனியா. நேத்து கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. மருந்து பத்தலையா? முழுசா தூங்க வைக்கச் சொல்லட்டுமா?

வேண்டாம் ஐயா. கூப்பிட்டால் கண் திறந்து, பிறகு தானாகத் தூங்கிப்போனால், பெரும்பாலான குழந்தைகளுக்கு நாங்கள் விரும்பும் நிலையே அதுதான். டியூப்பைப் பிடுங்கப் போனாலோ மெஷினோடு மல்லுக்கட்டினாலோதான் கவலை. நுரையீரல் மிக மோசமாக இருக்கும்போதும், மூளையில் அழுத்தம் ஏறியிருக்கும்போதும் ஆழ்ந்த மயக்கம் தேவைப்படும். மற்றபடி ஆழ்ந்த மயக்கத்துக்கு விலை உண்டு: ரத்த அழுத்தம் இறங்கும், குடல் மந்தமாகும், தசை இளைக்கும், டியூப் எடுப்பது தள்ளிப்போகும். அசையாமல் கிடக்கும் குழந்தை நிம்மதியாக இருக்கிறது என்று யாரும் நினைக்காதீர்கள். கையைப் பிடித்துப் பேசுங்கள், உங்கள் குரல் அவளுக்குக் கேட்கும்.

ஐசியூ செவிலியர்: நைட் ஷிஃப்ட்ல குழந்தை திமிறினா உடனே மிடாசோலம் (மயக்க மருந்து) போலஸ் (ஒரே தடவையில் ஏற்றும் டோஸ்) போடுன்னு போன்லயே சொல்லிடறாங்க. அப்படியே போடலாமா சார்?

நல்ல கேள்வி சிஸ்டர், இதற்கு விரிவாகவே சொல்கிறேன். கை சிரிஞ்சுக்குப் போவதற்கு முன் கண் டியூப்புக்குப் போகட்டும். எத்தனை சென்டிமீட்டரில் ஒட்டியது, இப்போது எந்தக் கோட்டில் நிற்கிறது? மார்பு இரண்டு பக்கமும் சமமாக ஏறுகிறதா? கார்பன் டைஆக்சைடு அலை மானிட்டரில் ஒழுங்காக வருகிறதா? சக்ஷன் போட்டுப் பாருங்கள். சளி அடைத்து ஆக்ஸிஜன் இறங்கும் குழந்தையும் இப்படித்தான் திமிறும். அதற்கு மிடாசோலம் போட்டால் குழந்தை அடங்கிவிடும், அடைப்பு அடங்காது.

டியூப் சரி என்றால் மற்றதைப் பாருங்கள். சிறுநீர்க் குழாய் அடைத்து வயிறு உப்பியிருக்கிறதா, டயபர் நனைந்திருக்கிறதா, டிரிப்ஸ் போட்ட கை வீங்கியிருக்கிறதா, குழந்தை இழுக்கும் மூச்சுக்கு மெஷின் காற்றுத் தருகிறதா. அப்புறம் வலி. மிடாசோலத்துக்கு வலியைக் குறைக்கும் சக்தி கிடையாது. அதற்கு மார்ஃபின் அல்லது ஃபென்டனில் வேண்டும். வலியோடு இருக்கும் குழந்தைக்கு மிடாசோலம் மட்டும் ஏற்றினால், வலியைச் சொல்ல முடியாமல் செய்கிறோம், அவ்வளவுதான்.

இதெல்லாம் பார்த்த பிறகு கம்ஃபர்ட்-பி ஸ்கோர் போடுங்கள். 2 நிமிடம் கட்டிலருகே நின்று பார்த்து, விழிப்பு, பதற்றம், மெஷினோடு ஒத்துப்போகும் மூச்சு, அசைவு, தசை இறுக்கம், முகச் சுளிப்பு ஆறுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 10 அல்லது அதற்குக் கீழே என்றால் மருந்து அதிகம், 23-ஐத் தொட்டால் குறைவு. போனில் "திமிறுகிறான்" என்று சொல்வதை விட "ஸ்கோர் 24, சக்ஷன் போட்டாச்சு, டியூப் அதே இடம்" என்று சொல்லுங்கள். எதிர்முனையில் தூக்கம் கலைந்துவிடும்.

முதுநிலை மாணவர்: சார், மிடாசோலமா டெக்ஸ்மெடிடோமிடினா?

முதலில் வலிக்கு மருந்து. அதற்கு மேல் மயக்கம் வேண்டுமென்றால் டெக்ஸ்மெடிடோமிடின் அல்லது குளோனிடின். மிடாசோலத்தைக் குறையுங்கள், டெலீரியம் (திடீர் மனக்குழப்பம்) வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. 2022-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலும் இதே திசைதான். டெக்ஸ்மெடிடோமிடினில் இதயத்துடிப்பு இறங்குவதைக் கவனியுங்கள். தசைத் தளர்வு மருந்து ஓடும் குழந்தைக்கு டெக்ஸ்மெடிடோமிடினை மட்டும் நம்பாதீர்கள். அசைய முடியாமல் விழித்திருப்பதை விடக் கொடுமை இல்லை.

ஒரு அம்மா: மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமா டாக்டர்?

3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நீண்ட நேரம் அல்லது திரும்பத் திரும்பக் கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் எச்சரித்தது உண்மைதான் அம்மா. ஆனால் வென்டிலேட்டர் வரை போன குழந்தைக்கு நோய், ஆக்ஸிஜன் குறைவு, மருந்து எல்லாம் சேர்ந்தே வருகின்றன. எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். மருந்தே இல்லாமல் வலியில் விடுவதும் தீங்குதான். தேவையான அளவு, தேவையான நாள்.

பெரியவர்கள் ஐசியூ மருத்துவர்: இவ்வளவு ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்? தினம் காலையில் மருந்தை நிறுத்தி எழுப்பிப் பார்த்தால் போதும். 2000-லேயே நிரூபித்துவிட்டார்களே, வென்டிலேட்டர் நாள் 7.3-லிருந்து 4.9 ஆனது.

உங்கள் நோயாளிகளுக்குச் சரி. "டியூப்பைத் தொடாதீங்க" என்றால் கேட்பார்கள். ஒன்றரை வயதுக் குழந்தை கேட்குமா?

அவரே: இந்தியாவில் 2012-ல் குழந்தைகளிடமே செய்து, நாள் குறைந்ததே?

குறைந்தது. ஆனால் எதோடு ஒப்பிட்டார்கள்? இடைவிடாமல் ஓடிய மிடாசோலத்தோடு. செவிலியர் ஸ்கோர் பார்த்துக் கூட்டிக் குறைக்கும் இடத்தில் தினசரி நிறுத்தம் கூடுதலாக என்ன தரும் என்பதுதான் கேள்வி. நெதர்லாந்தில் 2016-ல் அதைத்தான் பார்த்தார்கள். 129 குழந்தைகள், பலன் இல்லை. 30 நாளுக்குள் இறந்தவர்கள் நிறுத்திய குழுவில்தான் அதிகம். நிறுத்தியதுதான் காரணம் என்று யாரும் காட்டவில்லை, ஆனாலும் ஆசையாக ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

அவரே: அப்போ உங்கள் ஸ்கோர் முறை மட்டும் ஜெயித்ததா? அமெரிக்காவின் 31 ஐசியூ ஆய்வு?

அடித்துவிட்டீர்கள். 2015, 2,449 குழந்தைகள், வென்டிலேட்டர் நாளில் வித்தியாசமே இல்லை. ஆனால் குழந்தைகள் விழித்து அமைதியாக இருந்த நாட்கள் கூடின, கொடுத்த மருந்து வகைகள் குறைந்தன. பெற்றோருக்கு அதுவும் கணக்குதான். வேண்டுமானால் தனியே தொடர்வோம், இங்கே வரிசை காத்திருக்கிறது.

ஒரு தாத்தா: மூளைக்கு ஏதாவது ஆகுமா?

மேலே சொல்லியிருக்கிறேன் ஐயா.

மாணவி: புரோபஃபால் இன்ஃப்யூஷன் ஓட்டலாமா?

இந்த மயக்க மருந்தை நாள்கணக்கில் ஓட்டக் கூடாது. 1992-ல் பிரிட்டனில் 5 குழந்தைகள் ரத்தத்தில் அமிலம் ஏறி, இதயம் செயலிழந்து இறந்ததைப் பதிவு செய்தார்கள். டியூப் எடுக்கும் முன் சில மணி நேரம் என்றால் அது வேறு.

ஒரு அம்மா: 9 நாள் வென்டிலேட்டர். டியூப் எடுத்த மறுநாள் நடுங்குறான், வேர்க்குது, வாந்தி, தூக்கமே இல்ல. மருந்துக்கு அடிமை ஆயிட்டானா?

இல்லை அம்மா. 5 நாளுக்கு மேல் ஓடிய மருந்துக்கு உடல் பழகிவிடும், சட்டென்று குறைந்தால் இப்படி ஆகும். ஆசைப்பட்டு மருந்தைத் தேடுவதுதான் அடிமைத்தனம், இது அது இல்லை. இப்போதே செவிலியரிடம் சொல்லி WAT-1 ஸ்கோர் (மருந்து குறையும்போது வரும் அறிகுறிகளின் மதிப்பெண்) பார்க்கச் சொல்லுங்கள். 3 அல்லது மேலே வந்தால் மருந்தைக் குறைக்கும் வேகத்தைக் குறைப்பார்கள். தொற்று, டெலீரியம் இரண்டும் இதே மாதிரி தெரியும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி போடுகிற பிள்ளையா? போட்டுவிடுங்கள். பகலில் வெளிச்சம், இரவில் விளக்கை அணைப்பது, பழகிய பொம்மை. டெலீரியத்துக்கு இவையும் சிகிச்சைதான்.

ஒருவர்: 12 கிலோ குழந்தைக்கு மிடாசோலம் எத்தனை மில்லி?

இல்லை.

இன்னொருவர்: மூளை?

மேலே.

ஒரு மகன்: அப்பாவுக்கு 71 வயசு, வென்டிலேட்டர்ல இருக்கார். தினமும் மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா?

பெரியவர்கள் என் துறை இல்லை தம்பி. மேலே என்னோடு சண்டை போட்ட டாக்டரைக் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்.