ஹிப்னோதெரபியில் நம் மனம் அடுத்தவர் கைக்குப் போய்விடுமா?

கேள்வி: ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்ற குடல் கோளாறு) தொல்லைக்கு ஹிப்னோதெரபி போய்ப் பாருங்கள் என்கிறார் டாக்டர். மனோவசியம் என்றாலே பயமாக இருக்கிறது. இது உண்மையான சிகிச்சைதானா? நம் மனம் அவர்கள் பிடிக்குள் போய்விடாதா?

போகாது. எனக்கும் ஆறு வருடம் இதே தொல்லை இருந்தது, இதே பயமும் இருந்தது. அதனால் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் வயிறு முறுக்கிப் பிடிக்கும். வெளியே கிளம்பும் நேரத்தில் கலக்கும். பஸ் பயணம் என்றால் முதல் நாள் இரவே சாப்பாட்டை நிறுத்திவிடுவேன். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கொலோனோஸ்கோபி எல்லாம் நார்மல். "ஒண்ணுமே இல்ல, எல்லாம் உங்க மனசுதான்" என்று ஒரு மருத்துவர் சொன்னது வலியைவிட அதிகமாகப் புண்படுத்தியது. வலி நிஜம். குடலுக்கென்று தனி நரம்பு வலையே இருக்கிறது. அதுவும் மூளையும் ஓயாமல் சேதி பரிமாறிக்கொள்கின்றன. ஐ.பி.எஸ். உள்ள பலருக்கு அந்தச் சேதி கூடுதல் சத்தத்தோடு போய்ச் சேர்கிறது. மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாத சாதாரண வாயு அசைவுகூட நமக்கு வலியாகத் தெரியும். அந்தச் சத்தத்தைக் குறைப்பதுதான் இந்தச் சிகிச்சையின் வேலை.

நான் போனது மருத்துவ உளவியல் படித்த ஒரு அம்மாவிடம். ஊசலாடும் கடிகாரம், உற்றுப் பார்க்கும் கண்கள் எதுவும் இல்லை. சாய்ந்து உட்காரச் சொல்லி, மூச்சைக் கவனிக்கச் சொல்லி, கால் விரலில் தொடங்கி உடம்பைத் தளர்த்தவைத்தார். கையை வயிற்றின் மேல் வைத்து அந்த வெதுவெதுப்பு உள்ளே இறங்குவதை உணரச் சொன்னார். வெளியே ஆட்டோ ஹாரன் அடிப்பது கேட்டது. கேட்டது, ஆனால் பொருட்படுத்தத் தோன்றவில்லை.

அப்புறம், ஓடும் ஆறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு ஆறு என்றால் வெள்ளம்தான் ஞாபகம் வரும். வயிறு இறுகியது. கண்ணைத் திறந்து, "மேடம், ஆறு வேண்டாம்" என்றேன். உடனே விட்டுவிட்டார். வேறு எந்தத் தண்ணீர் உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டார். ஆத்தா ஊர் வாய்க்கால் என்றேன். அன்றிலிருந்து அந்த வாய்க்கால்தான் என் குடல். எங்கே அடைக்கிறது, எங்கே வேகமாகப் போகிறது என்று பார்த்து, தண்ணீரை நிதானப்படுத்த வேண்டியது நான். யார் பிடியில் யார் இருந்தோம் என்ற கேள்வி எனக்கு அன்றே தீர்ந்துவிட்டது.

வசியம் என்ற சொல்தான் பாதி பயத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஒருவர் செய்வார், இன்னொருவர் அகப்படுவார் என்ற பொருள் அதில் இருக்கிறது. தமிழில் இதை அறிதுயில் என்றும் சொல்கிறார்கள். பாம்பணையில் பெருமாள் பள்ளிகொண்டிருப்பதற்கான பழைய சொல் அது. தூங்குவது போலத் தோன்றும், எல்லாம் தெரிந்துகொண்டும் இருக்கும். எனக்கு நடந்தது அதுதான். ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரப்பிய மான்செஸ்டர் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டும், 1843இல் புத்தகம் எழுதிய சில வருடங்களில், இது தூக்கமே இல்லை, ஒரே எண்ணத்தில் மனம் குவிவது என்று சொல்லிப் பெயரை மாற்றப் பார்த்தார். பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருக்கும் முன்னால், கோவாவில் பிறந்த அபே ஃபாரியா என்ற பாதிரியார் 1813இல் பாரிஸில் இதைச் செய்துகாட்டி, சக்தி செய்பவரிடம் இல்லை, உட்கார்ந்திருப்பவரிடம்தான் இருக்கிறது என்றார். பஞ்சிமில் அவருக்குச் சிலை இருக்கிறது.

சரி, ஆதாரம்? அதே மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் என்ற குடல் மருத்துவர், எந்த மருந்துக்கும் அடங்காத ஐ.பி.எஸ். நோயாளிகள் 30 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு குழுவுக்கு ஹிப்னோதெரபி, மற்றதற்குப் பேச்சு சிகிச்சையும் போலி மாத்திரையும். ஹிப்னோதெரபி குழு மிக நன்றாகத் தேறியது. 1984இல் லான்செட் மருத்துவ இதழில் அது வெளிவந்தது. 2008இல், சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, 12 மாதம் மருந்து சாப்பிட்டும் குணம் தெரியாதவர்களுக்கு இதையும் யோசிக்கலாம் என்று தன் வழிகாட்டுதலில் சேர்த்தது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி பலிக்காது. சிலர் சுலபமாக ஆழ்ந்துவிடுவார்கள், சிலருக்கு வரவே வராது. எனக்கு நான்காவது வாரம்வரை பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தினமும் வீட்டில் ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகிய பிறகுதான் மாறியது. இப்போதும் மாதத்தில் ஓரிரு நாள் வலி வரும், ஆனால் பஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு ஏறுகிறேன்.

முன்ஜென்மம் காட்டுகிறேன், மறந்துபோன குழந்தைப் பருவத்தை மீட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த நிலையில் நடக்காதது நடந்ததுபோல மனதில் பதிந்துவிடக்கூடும். அப்படிப் பதிந்த பொய் ஞாபகத்தால் குடும்பங்கள் உடைந்திருக்கின்றன. மனச்சிதைவு போன்ற பிரச்சினை இருந்தால் மனநல மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு இருந்தால் முதலில் குடல் மருத்துவர்தான்.

உங்கள் டாக்டரே சொல்லியிருப்பதால் அந்தப் பரிசோதனைகள் முடிந்திருக்கும். போகப்போகிறவர் என்ன படித்திருக்கிறார், ஐ.பி.எஸ்.ஸுக்கு இதைச் செய்து பழக்கம் உண்டா என்று கேளுங்கள். முதல் நாளே உங்கள் பயத்தையும் சொல்லிவிடுங்கள். எந்தத் தண்ணீர் பிடிக்கும் என்பதையும் யோசித்துவைத்துக்கொள்ளுங்கள்.