கோவம் வந்தால் மணிக்கூட்டைப் பாருங்கோ: ஏடிஎச்டி கேள்வி பதில்

நான் உளவளத்துணையாளர், டொக்டர் இல்லை. மருந்தின்ர அளவு கேக்காதேங்கோ. மற்றதெல்லாம் கேக்கலாம். ஏடிஎச்டி எண்டது கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேந்த நிலை.

கோண்டாவில், ஒரு அம்மா: மகனுக்கு 9 வயசு, ஏடிஎச்டி எண்டு சொல்லியிருக்கினம். கொம்பாஸ் பெட்டியைக் காணேல்லை எண்டு கதவை உதைஞ்சு, தங்கச்சியைத் தள்ளிவிட்டு ஒரே கூத்து. 20 நிமிசத்தால அடுப்படிக்கு வந்து “அம்மா, புட்டு இருக்கோ?” எண்டு கேக்கிறான். எனக்கு விடியுமட்டும் நெஞ்சு படபடக்குது. நடிக்கிறானோ?

நடிக்கேல்லை அம்மா. அவனுக்கு அது உண்மையிலேயே முடிஞ்சுபோச்சு. ஏடிஎச்டி எண்டால் கவனம் சிதறுறது, துள்ளித் திரியிறது எண்டுதான் எங்கட சனம் நினைக்குது. கவனத்தைப் பிடிச்சு வைக்கிற முன்மூளைக்குத்தான் கோவத்தைப் பிடிச்சு வைக்கிற வேலையும். கோவம் எல்லாருக்கும் வரும். வந்த கோவம் காலுக்குப் போய் கதவை உதைக்கிறதுக்கிடையில எங்களுக்கு ஒரு கணம் கிடைக்கும். அந்தக் கணம் உங்கட மகனுக்குக் கிடைக்கிறேல்லை.

இது புதுக் கதையும் இல்லை. 1902இல லண்டனில ஜோர்ஜ் ஸ்ரில் எண்ட குழந்தை வைத்தியர் இப்பிடியான பிள்ளையளைப் பற்றிப் பேசேக்கையே அடங்காத கோவத்தையும் சொன்னவர். ஆனால் 2013இல வந்த டிஎஸ்எம்-5 எண்ட அமெரிக்க உளமருத்துவக் கைநூலில கோவம் முதன்மை அறிகுறியள் பட்டியலில இல்லை, கூட வாறதுகளோட சேத்துத்தான் சொல்லியிருக்கு. அதால கன இடங்களில கோவத்தைப் பற்றிக் கேக்கிறதே இல்லை. நீங்களாச் சொல்லுங்கோ.

அந்த 20 நிமிசமும் புத்தி சொல்லாதேங்கோ, ஏறாது. தங்கச்சியை அங்கால கூட்டிக்கொண்டு போங்கோ. புட்டுக் கேட்டால் குடுங்கோ. சாப்பிட்ட பிறகு கதவைப் பற்றிக் கதையுங்கோ, தங்கச்சியிட்ட அவனே போய்ச் சமாதானம் ஆகட்டும். இன்னொண்டு, எத்தனை மணிக்கு வருது எண்டு ஒரு கொப்பியில எழுதுங்கோ. பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஒண்டும் சாப்பிடாமல் ரியூசனுக்கு வெளிக்கிடுற நேரமாத்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன்.

நல்லூர்: மகள் ஏடிஎச்டிக்கு மெதைல்பெனிடேற் எண்ட மருந்து குடிக்கிறாள். பள்ளிக்கூடத்தில நல்ல பிள்ளை, வீட்ட வந்தால் ஒரே அழுகை. மருந்தை நிப்பாட்டவோ?

நிப்பாட்டாதேங்கோ. சாதாரண குளிசை ஏறக்குறைய 4 மணித்தியாலம்தான் நிக்கும். அது இறங்கிற நேரம் சில பிள்ளையளுக்குச் சிடுசிடுப்பு வரும். மருந்து பசியையும் குறைக்கும், மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி அப்பிடியே திரும்பி வருதோ எண்டு பாருங்கோ. குளிசை குடுத்த நேரம், அழுத நேரம் ரெண்டையும் ஒரு கிழமைக்கு எழுதிக்கொண்டுபோய் டொக்டரிட்டக் காட்டுங்கோ. நேரத்தையோ வகையையோ அவர் மாத்துவார்.

கொக்குவில்: மருந்துக்கு அடிமையாகிப் போகுமோ?

சொன்ன அளவில, சொன்ன மாதிரிக் குடிச்சால் அது அரிது. தாங்களாக் கூட்டிக் குடிச்சால் வேற கதை.

மானிப்பாய்: மனிசிக்கு 31 வயசு. காலமை சிரிப்பு, மத்தியானம் அழுகை. பைபோலரோ?

மணிக்கூட்டைப் பாருங்கோ. பைபோலர் எண்டது மனம் நாள்கணக்கா உச்சத்துக்கும் அடிக்கும் போற நோய். அதில மேனியா, அதாவது அந்த உச்சம், எண்டு சொல்ல குறைஞ்சது 7 நாள் வேணும், அதின்ர லேசான வடிவத்துக்கு 4 நாள். அந்த நாளில நித்திரை இல்லாமலே களைப்புத் தெரியாமல் திரிவினம். ஏடிஎச்டியில மணிக்கணக்குத்தான், அநேகமா ஒரு காரணமும் கண்ணுக்குத் தெரியும். ரெண்டும் ஒராளுக்கே இருக்கவும் கூடும். தைரொயிட்டையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கோ. ஃபோனில வாற பத்துக் கேள்விச் சோதனையை வைச்சு முடிவெடுக்க வேண்டாம்.

சாவகச்சேரி: இந்த மருந்து பழக்கமாகுமோ?

கொக்குவிலுக்குச் சொன்னது.

ஸ்காபரோ, கனடா: தம்பியின்ர மகனுக்கு இங்கயிருந்து குளிசை அனுப்பவோ?

அனுப்பாதேங்கோ. ஒரு பிள்ளையின்ர மருந்து மற்றப் பிள்ளைக்கு இல்லை. அதோட அது கட்டுப்பாட்டு மருந்து.

பருத்தித்துறை, இளைப்பாறிய ஆசிரியர்: 34 வருசம் படிப்பிச்சனான். பூவரசந்தடி இருந்த காலத்தில ஏடிஎச்டி இருக்கேல்லை.

இருந்தது சேர். கடைசி வாங்கில இருந்தது. 8ஆம் வகுப்போட நிண்டு கடலுக்குப் போச்சுது. நானும் பூவரசந்தடி வாங்கினனான், ஏழாம் வாய்ப்பாடு இண்டைக்கும் வராது.

பருத்தித்துறை, திரும்பவும்: அடி வாங்கினவை டொக்டராகவும் வந்திருக்கினம்.

அடி வாங்காதவையும் வந்திருக்கினம். கோவத்தை அடக்கத் தெரியாத பிள்ளைக்கு முன்னால பெரியாள் கோவத்தில தடி எடுத்தால், பிள்ளை எதைப் பழகும்?

கொடிகாமம்: சேரும் பிழை, நீங்களும் பிழை. 1995 இடம்பெயர்வில எனக்கு 8 வயசு. என்ர கோவம் சண்டையால வந்தது. அதுக்கு ஏன் இங்கிலீசுப் பேர்?

உங்கட கேள்விக்காக சேரை விட்டிட்டு வாறன். யாழ்ப்பாணத்தில இது லேசில பிரிக்கேலாத விசயம். சண்டைக் காயத்தால வாற கோவத்துக்குப் பின்னால அநேகமாப் பயம் நிக்கும். வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிடுறது, கெட்ட கனவு, சில இடங்களுக்குப் போகாமல் விடுறது. ஏடிஎச்டிக் கோவம் வங்கி வரிசையில வரும், திறப்பைத் தேடேக்கை வரும். ஏடிஎச்டி எண்டு சொல்ல 12 வயசுக்கு முந்தியே அறிகுறி இருந்திருக்க வேணும். உங்களுக்கு இடம்பெயர்வும் அந்த வயசுக்குள்ளயே வந்திட்டுது, அதால உங்கட ஞாபகம் மட்டும் காணாது. அம்மா இருந்தால் கேளுங்கோ: 5 வயசில, ஓட வெளிக்கிட முந்தி, நான் எப்பிடிப் பிள்ளை? அந்தப் பதிலோட உளமருத்துவரிட்டப் போங்கோ. ரெண்டும் இருந்தால் ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கு.

காரைநகர்: சீனியாலயோ?

இல்லை. சீனியோ போலி இனிப்போ எண்டு தாய்க்கும் பிள்ளைக்கும் தெரியாமல் குடுத்துப் பாத்தவை, குணத்தில வித்தியாசம் இல்லை.

திருநெல்வேலி, மாணவி: சிநேகிதி என்ர மெசேஜைப் பாத்திட்டுப் பதில் போடேல்லை எண்டால் செத்துப்போகலாம் போல இருக்கு. ஒரு மணித்தியாலத்தில சரியாகும். சொன்னால் சிரிப்பினம்.

நான் சிரிக்கேல்லை தங்கச்சி. ஒதுக்கப்படுறதைத் தாங்கேலாமல் போறது ஏடிஎச்டி இருக்கிற கனபேர் சொல்லுற விசயம், கைநூலில அது தனி நோயா இல்லாட்டிலும். ஆனால் “செத்துப்போகலாம்” எண்ட சொல்லை நான் மணிக்கூட்டோட விடமாட்டன். அந்த ஒரு மணித்தியாலத்தில தனிய இருக்காதேங்கோ. 1926க்கு எடுங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம், இரவிலயும் எடுக்கலாம். இந்தக் கிழமையே உளமருத்துவரைப் பாருங்கோ, இங்க எழுதினதை அப்பிடியே காட்டினால் காணும்.

சுன்னாகம்: மருந்து பழக்கமாகுமோ?

கொக்குவில். கொக்குவில்.

சேரின்ர மூண்டாவது கடிதம் நாலு பக்கம். அதுக்கு அடுத்த ஞாயிறு.