குடிக்காதவங்க பப்புல போய் சாப்பிடலாமா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் இங்கிலாந்துல ரெடிங்ங்கிற ஊர்ல வேலை பாக்கறேன். போன மாசம் நீங்க பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பக்கம் நடைபயணம் போனதை பத்தி எழுதுனப்போ கடைசில ஒரு கிராமத்து பப்புல உக்காந்து சாப்பிட்டதா ரெண்டு வரி எழுதியிருந்தீங்க. அதுலேர்ந்து உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். மே மாசம் அப்பா அம்மா திருநெல்வேலிலேர்ந்து வர்றாங்க. ஆபீஸ்ல எல்லாரும் ஏதாவது கிராமத்து பப்புக்கு கூட்டிட்டு போய் சண்டே ரோஸ்ட் (ஞாயித்துக்கிழமை சாப்பிடற, ஓவன்ல சுட்ட கறியும் உருளைக்கிழங்கும்) வாங்கிக் குடுன்னு சொல்றாங்க. அப்பா வாழ்க்கைல ஒரு சொட்டு தொட்டதில்ல, பப்புன்னு சொன்னாலே சாராயக்கடைக்கா கூப்பிடுறேன்னு முறைப்பாரு. அம்மா சுத்த சைவம். நானும் மனைவியும் குடிக்கிறதில்ல, பையனுக்கு ஆறு வயசு. குடிக்காத அஞ்சு பேர் போய் ஒரு மேஜையை அடைச்சிட்டு உக்காந்தா அவங்களுக்கு எரிச்சலா இருக்காதா? அதோட உப்பும் இல்லாம காரமும் இல்லாம இருக்கிற சாப்பாட்டுக்கு அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு போகணுமா? போனா எப்படி ஆர்டர் பண்றது, டிப்ஸ் வைக்கணுமா, இதெல்லாம் கூட சொல்லுங்க. பேர் போட வேண்டாம்.

ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

போகலாம், தாராளமா போகலாம். ஒரு படி மேல போய் சொல்றேன், உங்களை மாதிரி சாப்பிட மட்டும் வர்ற குடும்பங்களாலதான் இங்க கிராமத்துல பல பப்பு இன்னும் திறந்திருக்கு. எரிச்சல் படுவாங்களோன்னு கேட்டீங்க, நீங்க அஞ்சு தட்டு சாப்பாடு சொன்னா அதை நடத்துறவருக்கு அஞ்சு பைண்ட் பீர் வித்ததை விட அது பெரிய வியாபாரம். இதை கொஞ்சம் விவரமாவே சொல்லணும்னு தோணுது, ஏன்னா நான் இருக்கிற பக்கம் ஒவ்வொரு பப்பா ஜன்னல்ல பலகை அடிச்சு மூடிட்டு போறதை பாக்கறப்போ எனக்கு வயிறு எரியுது.

கிராமத்துப் பப்புக்கு பெரும்பாலும் வண்டிலதான் போகணும், ஞாயித்துக்கிழமை பஸ்ஸே வராத ஊர் எத்தனையோ இருக்கு. 1967ல வாயால ஊதச்சொல்லி டெஸ்ட் பண்ற சட்டம் வந்துச்சு. இங்கிலாந்துல 100 மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல இருந்தா வண்டி ஓட்டக்கூடாது. நல்ல சட்டம், எத்தனை உயிரை காப்பாத்தியிருக்கும், ஆனா பக்கத்து ஊர்லேர்ந்து வண்டில வந்து ராத்திரி வரைக்கும் குடிச்சிட்டு போற கூட்டம் அதோட கரைய ஆரம்பிச்சுது. அப்புறம் சூப்பர்மார்க்கெட்ல பீர் மலிவாயிடுச்சு, 2007 ஜூலைலேர்ந்து உள்ள உக்காந்து சிகரெட் பிடிக்க முடியாது, வீட்லயே குடிச்சுக்கலாம்னு நிறைய பேர் வீட்டோட இருந்துட்டாங்க.

இதுக்கு மேல 'டை'ன்னு ஒண்ணு இருக்கு. நிறைய இடத்துல பப் கட்டடம் நடத்துறவருக்கு சொந்தம் கிடையாது, பீர் தயாரிக்கிற ஒரு ப்ரூவரியோ பப் கம்பெனியோதான் முதலாளி, அவங்களுக்கு வாடகையும் குடுத்து பீரையும் அவங்ககிட்டயே அவங்க சொல்ற விலைக்கு வாங்கணும். 1989ல அரசாங்கம் இதை உடைக்க பாத்துச்சு, 2000 பப்புக்கு மேல வச்சிருக்கிற ப்ரூவரி அந்த 2000த்துக்கு மேல இருக்கிறதுல பாதியை டைலேர்ந்து விடுவிக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. என்ன ஆச்சுன்னா ப்ரூவரிங்க பப்பையெல்லாம் வித்தாங்க, அதை மொத்தமா வாங்க புதுசா கம்பெனிங்க முளைச்சு அவங்களும் அதே டையை போட்டாங்க. பீர்ல கிடைக்கிற லாபம் இப்படி மேல போயிடுது. ஆனா கறியும் காயும் எங்க வாங்கறது, என்ன சமைக்கிறது, என்ன விலைக்கு விக்கிறது, அது பொதுவா நடத்துறவர் பாடு, அதுல அந்த டை கிடையாது. அதனாலதான் அடுப்படி ஓடுற பப்பு தாக்குப்பிடிக்குது. அதுலயும் சும்மா விடறாங்களான்னா இல்ல, சூப்பர்மார்க்கெட்ல வாங்குற பச்சை உருளைக்கிழங்குக்கு வாட் வரி இல்ல, அதையே பப்புல வறுத்து தட்டுல வச்சா 20 சதவீதம் வரி. மெனுல விலையை பாத்து உங்க அப்பா மலைக்கிறப்போ இந்த கணக்கை அவர்கிட்ட சொல்லுங்க.

ஊர்க்காரங்களே சேந்து பப்பை வாங்கி நடத்துற இடங்களும் இருக்கு. கம்ப்ரியால ஹெஸ்கெட் நியூமார்க்கெட்னு ஒரு சின்ன ஊர், அங்க ஓல்ட் கிரவுன்னு ஒரு பப், 2003ல ஊர்க்காரங்களும் வாடிக்கையாளர்களுமா நூறு பேருக்கு மேல பங்கு போட்டு கூட்டுறவா வாங்குனாங்க, பிரிட்டன்லயே இப்படி நடந்த முதல் பப்புன்னு அதைத்தான் சொல்றாங்க. 2011 லோக்கலிசம் சட்டத்துக்கு அப்புறம் ஒரு பப்பை ஊரோட சமூகச் சொத்துன்னு கவுன்சில்ல பதிவு பண்ணி வைக்கலாம், அப்படி பதிஞ்சிருந்து முதலாளி விக்க கிளம்புனா ஊர்க்காரங்க பணம் திரட்ட 6 மாசம் டைம் கேக்கலாம். போஸ்ட் ஆபீஸ் போயிடுச்சு, கடை போயிடுச்சு, பள்ளிக்கூடமும் மூடிடுச்சு, மிச்சம் இருக்கிற இந்த ஒண்ணும் போயிட்டா சனங்க ஒருத்தரை ஒருத்தர் பாக்க இடம் இல்லன்னு தெரிஞ்சுதான் அவ்வளவு பாடுபடறாங்க.

அப்பா சாராயக்கடைன்னு முறைச்சார்னா டான் ஹில் கதையை சொல்லிப் பாருங்க. யார்க்ஷயர்ல மலை மேல 528 மீட்டர் உயரத்துல இருக்கு, பிரிட்டன்லயே உயரமான பப். 2021 நவம்பர்ல ஆர்வென் புயல் அடிச்சப்போ பனி கொட்டி ரோடு அடைச்சு, அன்னைக்கு பாட்டுக் கச்சேரி கேக்க வந்திருந்த அறுபது பேர் கிட்ட மூணு ராத்திரி அங்கயே மாட்டிக்கிட்டாங்க. எல்லாருக்கும் சாப்பாடு போட்டு படுக்க இடம் குடுத்து பாத்துக்கிட்டாங்க. பழைய கிராமத்துப் பப்புல நிறைய வழிப்போக்கர் சத்திரமா இருந்ததுதான், பேர்ல 'இன்'னு இருக்கிறதை பாத்திருப்பீங்க.

இப்ப சாப்பாட்டுக்கு வர்றேன், இதுலதான் உங்ககூட எனக்கு சண்டை. உப்பு காரம் இல்லாத சாப்பாடுன்னு எழுதியிருக்கீங்க, அது நீங்க நகரத்துல ஏதோ ஒரு செயின் பப்புல பாக்கெட்டை பிரிச்சு சூடு பண்ணி குடுத்ததை சாப்பிட்டதால வந்த நினைப்பா இருக்கும். நல்ல அடுப்படில உருளைக்கிழங்கை முதல்ல பாதி வேக வச்சு, தண்ணியை வடிச்சிட்டு, பாத்திரத்தோட ஒரு குலுக்கு குலுக்குவாங்க, ஓரமெல்லாம் சொரசொரன்னு மாவு மாதிரி உதிர்ந்து நிக்கும், அதை ஏற்கனவே ஓவன்ல கொதிச்சிட்டிருக்கிற கொழுப்புல போடுவாங்க, அந்த சொரசொரப்புதான் முறுகி மேல கடக் கடக்குன்னு ஓடு மாதிரி ஆகும், உள்ள பஞ்சு மாதிரி இருக்கும். யார்க்ஷயர் புட்டிங்கும் அப்படித்தான், முட்டை மைதா பாலு கலந்து நீர்தோசை மாவு பதத்துக்கு கரைச்சு வச்சு, புகை வர்ற அளவுக்கு காஞ்ச கொழுப்புல ஊத்துனா குபுகுபுன்னு கிண்ணம் மாதிரி எழும்பும், நடுவுல ஓவனை திறந்தா அமுங்கிடும். அந்தக் காலத்துல நெருப்பு மேல கறி கம்பில சுத்தி வேகறப்போ கீழ சொட்டுற கொழுப்பை வீணாக்கக் கூடாதுன்னு மாவு தட்டை அடில வச்சிருக்காங்க. யார்க்ஷயர்ல அதை க்ரேவியோட முதல்ல பரிமாறி வயித்தை பாதி நிரப்பி விடுவாங்க, அப்புறம் வர்ற கறி கொஞ்சமா இருந்தாலும் எல்லாருக்கும் பத்தும்.

காரம் வேணும்னா பீஃபுக்கு வைக்கிற ஹார்ஸ்ராடிஷ்ங்கிற காரமான வேர்ல பண்ணின சாஸை கொஞ்சம் எடுத்து நாக்குல வச்சு பாருங்க, நேரா மூக்குல ஏறி கண்ணுல தண்ணி வந்துடும். இங்கிலீஷ் கடுகும் லேசுப்பட்டது இல்ல. ஆட்டுக்கறி ரோஸ்ட்டுக்கு புதினா சாஸ், பன்னிக்கு ஆப்பிள் சாஸ், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜோடி இருக்கு. பீஃப் வேண்டாம்னா கோழியோ ஆடோ பெரும்பாலும் இருக்கும், ஆனா க்ரேவி எதுல பண்ணதுன்னு தனியா கேளுங்க.

அம்மா விஷயத்துல கவனமா இருக்கணும். கொழுப்புன்னு சொன்னேனே, அது பல இடத்துல மாட்டுக் கொழுப்பாவோ வாத்துக் கொழுப்பாவோ இருக்கும், அதனால உருளைக்கிழங்கு சைவம்னு பாக்கறப்போ தோணினாலும் சைவமா இருக்காது, கேட்டுக்கணும். யார்க்ஷயர் பக்கம் சிப்ஸே (நீளமா நறுக்கின உருளைக்கிழங்கு) மாட்டுக் கொழுப்புல பொரிக்கிற இடம் நிறைய, மத்த இடத்துல எண்ணெய்ல பொரிச்சாலும் மீன் போட்ட அதே சட்டியான்னு கேக்கணும். காய்கறி சூப்புல கோழி வேக வச்ச தண்ணி இருக்கலாம், வூஸ்டர் சாஸ்ல நெத்திலி வகை மீன் இருக்கு. புக் பண்றப்போ போன்லயே சொல்லிடுங்க, அது ஒண்ணும் தொந்தரவு குடுக்கிறது இல்ல. 2014லேர்ந்து 14 அலர்ஜி பொருள் எந்தெந்த ஐட்டத்துல இருக்குன்னு சொல்லியாகணும்னு சட்டம் இருக்கறதால, நல்லா நடக்கிற அடுப்படில எதுல என்ன போட்டோம்னு எழுதி வச்சிருப்பாங்க. கொட்டைப் பருப்பு வகைகளை அரைச்சு சுட்ட நட் ரோஸ்ட் நிறைய இடத்துல இருக்கும், முட்டை சேத்துப்பாங்க, அதையும் கேட்டுக்கோங்க. எனக்கு கேட்டா அம்மாவுக்கு ப்ளவ்மேன்ஸ் லன்ச் சொல்லுங்க: நல்ல ரொட்டி, ஒரு துண்டு கெட்டியான செடார் சீஸ், வினிகர்ல ஊற வச்ச வெங்காயம், பிரான்ஸ்டன் பிக்கிள், ஆப்பிள். ஹாம், அதாவது பன்னிக்கறி, வைக்க வேண்டாம்னு மட்டும் சொல்லிடுங்க, சீஸ்லயும் பாலை உறைய வைக்க போடுற ரெனட் விலங்கோடதா இல்லையான்னு ஒரு வார்த்தை கேளுங்க. ஏர் உழுறவன் காலங்காலமா சாப்பிட்டதுன்னு சொல்வாங்க, ரொட்டியும் சீஸும் பழசுதான், ஆனா இந்த பேரை பப் மெனுல பரப்புனது 1950, 60கள்ல சீஸ் விக்கறதுக்காக நடந்த விளம்பரம். புளிப்பும் உப்பும் இனிப்புமா இருக்கிற அந்த பிக்கிளை அம்மா ரசிப்பாங்கன்னு நினைக்கிறேன்.

நல்ல பப்புன்னு எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா மெனு சின்னதா இருக்கணும். ஒரே தாள், இல்லாட்டி கரும்பலகைல சாக்பீஸ்ல எழுதினது, பாதில ஒண்ணு ரெண்டு அழிச்சிருந்தா இன்னும் நல்லது, தீந்து போகுதுன்னா புதுசா பண்றாங்கன்னு அர்த்தம். லாமினேட் பண்ணின எட்டு பக்க மெனுல பாஸ்தாவும் கறிக்குழம்பும் பர்கரும் ஒண்ணா இருந்தா எழுந்து வந்துடுங்க. பை (pie) கேட்டா அடிலயும் சுத்தியும் மேலயும் மாவு இருக்கணும். கிண்ணத்துல குழம்பை ஊத்தி மேல ஒரு பஃப் மூடி வச்சு பைன்னு குடுக்கறதை நான் ஒத்துக்கறதே இல்ல.

நேரம் ரொம்ப முக்கியம். முதல் உலகப் போர் சமயத்துல தொழிலாளிங்க குடிச்சிட்டு வேலையை கெடுத்துடக்கூடாதுன்னு பப்பை மதியானத்துல மூட வச்சாங்க, அந்த விதி 1988 வரைக்கும் இருந்துச்சு, விதி போனாலும் அடுப்படியோட பழக்கம் போகல. 12லேர்ந்து 2, 2.30 வரைக்கும், அப்புறம் சாயங்காலம் 6லேர்ந்து 9, இதுதான் பொதுவா. திங்கக்கிழமை பல இடத்துல அடுப்பே பத்த வைக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை ரோஸ்ட்டுக்கு கட்டாயம் புக் பண்ணுங்க, லேட்டா போனா கறி தீந்துடும்.

உள்ள போனதும் மேஜை நம்பரை பாத்துட்டு நீங்களே பார்ல போய் சொல்லணும், நிறைய இடத்துல அப்பவே காசு வாங்கிப்பாங்க, யாராவது வந்து கேப்பாங்கன்னு உக்காந்திருந்தா உக்காந்தே இருக்க வேண்டியதுதான். வரிசைன்னு கண்ணுக்கு தெரியாது ஆனா யாருக்கு அப்புறம் யாருன்னு எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கு முன்னாடி வந்தவரை முதல்ல விடுங்க, அடுத்த தடவை அவர் உங்களை காட்டி விடுவாரு. குடிக்க லைம் சோடா, எல்டர்ஃப்ளவர்ங்கிற பூவோட சர்பத், காபி எது வேணா சொல்லலாம், குழாய் தண்ணி கேட்டா இலவசமா குடுத்தாகணும், அது லைசென்ஸ் நிபந்தனை. பையனை கூட்டிட்டு போறதுல பிரச்சனை இல்ல, சில இடத்துல பார் பக்கம் மட்டும் பெரியவங்களுக்குன்னு வச்சிருப்பாங்க. நாய் இருக்கும், அதை மட்டும் அப்பா அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. நடந்துட்டு வர்றவங்க கூட்டிட்டு வருவாங்க, மேஜைக்கு அடில படுத்துக் கிடக்கும், பயமா இருந்தா நாய் வராத ரூம்ல இடம் கேளுங்க. டிப்ஸ், பார்ல ட்ரிங்க்ஸ் வாங்கறதுக்கு யாரும் எதிர்பாக்கறதில்ல, மேஜைக்கு வந்து பரிமாறினா பில்லுல சர்வீஸ் சார்ஜ் இருக்கான்னு பாத்துட்டு இல்லாட்டி 10 சதவீதம் வைங்க, 2024 அக்டோபர்லேர்ந்து டிப்ஸ் முழுக்க வேலை பாக்கறவங்களுக்கே போகணும்னு சட்டம் வந்திருக்கு.

நீங்க ரெடிங்ல இருக்கீங்க, அது ஒரு கொடுப்பினை. மார்லோங்கிற ஊர்ல ஹேண்ட் அண்ட் ஃப்ளவர்ஸ்னு ஒரு பப் இருக்கு, பப்புலயே முதல் முதலா ரெண்டு மிஷெலின் ஸ்டார் வாங்கினது, ஆனா விலையும் அதுக்கு தக்கபடி, முதல் தடவைக்கு அது வேண்டாம். சுமார் 20 கிலோமீட்டர்ல ஆல்ட்வொர்த்னு ஒரு ஊர், அங்க பெல் இன்னு ஒரு பப், 250 வருஷத்துக்கு மேல ஒரே குடும்பம் நடத்துது, பார் கவுன்ட்டர் கிடையாது, சின்ன கண்ணாடி ஜன்னல் வழியாத்தான் வாங்கணும். ரோஸ்ட் எல்லாம் எதிர்பாக்காதீங்க, அங்க பேர் போனது உள்ள சீஸோ ஹாமோ வச்ச மொறுமொறு ரோல்தான், அம்மாவுக்கு சீஸ் ரோல் ஆச்சு. சாப்பிட்டுட்டு அதே ஊர் சர்ச்சுக்கு நடந்து போங்க, 14ம் நூற்றாண்டு டி லா பெஷ் குடும்பத்தோட ஒன்பது கல் சிலை படுத்திருக்கு, சாதாரண ஆளை விட பெருசா, பையன் வாயை பிளந்துட்டு பாப்பான். ரோஸ்ட்டுக்கு இன்னொரு ஞாயித்துக்கிழமை வேற ஊரை வச்சுக்கோங்க, எந்தப் பக்கம் போறீங்கன்னு எழுதுனா எனக்கு தெரிஞ்சதை சொல்றேன்.

அன்புடன்,
அக்கா